அமெரிக்காவில் எம்.எஸ். போகிறேன், கேம்பஸில் வேலை கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் வரும் ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போகிறார். எஃப்-1 என்ற மாணவர் விசா, 40 லட்சம் கல்விக்கடன். கேம்பஸுக்குள் சம்பள வேலை உறுதியாகக் கிடைக்குமா, இங்கிருந்தே விண்ணப்பிக்கலாமா, அதை வைத்துக் கடன் வட்டி கட்ட முடியுமா, கேம்பஸில் கிடைக்காவிட்டால் வெளியே பெட்ரோல் பங்கில் கையில் காசு தருவார்கள் என்று ஒரு சீனியர் சொல்கிறாரே அது சரியா? நாலு கேள்வி. நாலுக்கும் பதில் சொல்கிறேன், வரிசை மட்டும் முன்னே பின்னே இருக்கும்.

நான் அங்கே படித்த நாலு செமஸ்டரில் டைனிங் ஹாலில் தட்டு கழுவியிருக்கிறேன், சாலட் பார் நிரப்பியிருக்கிறேன், லைப்ரரி கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன், கடைசியில் மாடு வளர்ப்பு பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு துறையில் எக்செல் ஷீட் சுத்தம் செய்து சம்பளம் வாங்கியிருக்கிறேன். அதனால் கேம்பஸ் வேலை கிடைக்குமா என்றால் கிடைக்கும் என்றுதான் சொல்வேன், ஆனால் உறுதி என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். போய் இறங்கிய முதல் வாரமே கிடைத்தவனும் என் அறையில் இருந்தான், அடுத்த ஜனவரி வரை அலைந்தவனும் இருந்தான். எனக்கு அக்டோபர் மூன்றாவது வாரம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் வாட்ஸ்அப் குழுவில் இதைத்தான் தப்புத் தப்பாகச் சொல்வார்கள். எஃப்-1 விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை கேம்பஸுக்குள் வேலை செய்யலாம். இதற்குக் குடியுரிமைத் துறையிடம் தனியாக அட்டை வாங்க வேண்டியதில்லை. செமஸ்டர் லீவிலும் கோடை விடுமுறையிலும், அடுத்த செமஸ்டர் படிப்பைத் தொடரப் போகிறவர் என்றால், 20 மணிக்கு மேலும் செய்யலாம். 20 என்பது எல்லா வேலையையும் சேர்த்து. டைனிங் ஹாலில் 12, லைப்ரரியில் 10 என்று பிடித்தால் 22 ஆகிவிடும், அது விதிமீறல். இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15, சராசரி 20 தானே என்ற நம்மூர்க் கணக்கும் அங்கே செல்லாது, ஒவ்வொரு வாரமும் தனித்தனிக் கணக்கு. உங்கள் பல்கலைக்கழகத்தில் வாரம் எந்தக் கிழமை தொடங்குகிறது என்று சம்பளப் பிரிவில் கேட்டு போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சனி இரவு ஷிஃப்ட் எந்த வாரத்தில் விழுகிறது என்பதில்தான் பலர் மாட்டுவார்கள்.

இன்னொன்று, சம்பளம் தருவது பல்கலைக்கழகமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நிறைய இடங்களில் டைனிங் ஹாலை அராமார்க், சோடெக்ஸோ, சார்ட்வெல்ஸ் போன்ற ஒப்பந்தக் கம்பெனிகள்தான் நடத்துகின்றன. கேம்பஸுக்குள்ளே மாணவர்களுக்கு நேரடியாகச் சேவை செய்கிற கடை என்றால், புத்தகக் கடையோ காபிக் கடையோ, அதில் வேலை செய்யலாம். அதே கேம்பஸுக்குள் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கும் கம்பெனியில் சேர முடியாது, அது மாணவர் சேவை இல்லை. சந்தேகம் வந்தால் சீனியரைக் கேட்காதீர்கள், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. என்று ஒருவர் இருப்பார், அவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்தே விண்ணப்பிக்கலாமா? பார்க்கலாம், பதிவு செய்து வைக்கலாம். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி கிடைத்ததும் ஹேண்ட்ஷேக் என்ற தளத்தில் உள்ளே போக முடியும், பல பல்கலைக்கழகங்கள் மாணவர் வேலைகளை அதில்தான் போடுகின்றன, சில தங்கள் சொந்தத் தளத்தில் போடும். புதிதாக வருகிறவர் வகுப்பு தொடங்குவதற்கு 30 நாள் முன்னாலிருந்தே கேம்பஸ் வேலை தொடங்க விதி இடம் கொடுக்கிறது. ஆனால் ஜூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்து நாற்பது இடத்துக்கு ஒரே ரெஸ்யூமை அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று தூக்கம் கெட வேண்டாம். அந்த மேனேஜருக்கு வேண்டியது அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வந்து நிற்கும் ஆள். நீங்கள் இன்னும் விமானமே ஏறவில்லை.

அந்தப் பட்டியல்களில் "வொர்க்-ஸ்டடி" என்று போட்ட வேலைகளை அப்படியே தாண்டிப் போங்கள். 1964-இல் ஜான்சன் காலத்தில் வறுமை ஒழிப்புச் சட்டத்தோடு வந்த திட்டம் அது, மாணவருக்குத் தரும் சம்பளத்தில் பெரும்பங்கை மத்திய அரசே கொடுத்துவிடும். அதனால் துறைகளுக்கு அப்படிப்பட்ட ஆள் என்றால் கொள்ளை மலிவு. ஆனால் அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு மாதிரி நிரந்தர உரிமை உள்ளவர்களுக்கும்தான், எஃப்-1 மாணவருக்குக் கிடையாது. நான் இது தெரியாமல் முதல் மாதம் பதினேழு விண்ணப்பம் போட்டேன், அதில் பதினொன்று வொர்க்-ஸ்டடி. ஒருத்தரும் "உனக்கு இது ஆகாது" என்று பதில்கூடப் போடவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேலை எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடுகிறார்கள். நான் சொல்வது, யார் எப்போது வேலையை விடுகிறார்கள் என்று பாருங்கள். கேம்பஸ் வேலை என்பது ஓடிக்கொண்டே இருக்கும் ஆற்று மணல் மாதிரி, புது வேலைகள் உருவாவது அபூர்வம், இருக்கும் வேலையில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். எஃப்-1 மாணவருக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பு முடியும் தேதி இருக்கும், அந்தத் தேதியோடு அவரது கேம்பஸ் வேலை உரிமையும் முடிந்துவிடும், அடுத்த நாள் ஒரு மணி நேரம்கூடச் செய்ய முடியாது. அப்படியென்றால் டிசம்பர் நடுவிலும் மே மாதத்திலும் கொத்துக் கொத்தாக இடம் காலியாகிறது என்று அர்த்தம். இது மேனேஜருக்கும் தெரியும். டிசம்பரில் காலியாகப் போகிற இடத்துக்கு நவம்பர் தொடக்கத்திலேயே ஆள் பேசி வைப்பார்கள், ஜனவரியில் வந்து கேட்பவன் தாமதம்.

அடுத்த ஓட்டை செப்டம்பர் கடைசி. ஆகஸ்டில் ஆர்வமாகச் சேர்ந்த அமெரிக்க இளங்கலைப் பிள்ளைகளில் பலர் முதல் மிட்டர்ம் பரீட்சை வந்ததும் காலை ஷிஃப்டை விட்டுவிடுவார்கள். பதினெட்டு வயசுப் பையனை அக்டோபர் குளிரில் காலை ஆறரைக்கு எழுப்புவது யாராலும் ஆகாது. அப்புறம் சனிக்கிழமை. எங்கள் ஊர் மாதிரி கால்பந்துப் பைத்தியம் பிடித்த கேம்பஸில் (அவர்கள் கால்பந்து, கையில் பிடித்து ஓடுவது) மேட்ச் இருக்கும் சனிக்கிழமை ஒரு அமெரிக்க மாணவனும் வேலைக்கு வர மாட்டான், ஆனால் அன்றுதான் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களுக்கு நான் வருகிறேன் என்று சொல்லும் ஆளை மேனேஜர் சாமி மாதிரி பார்ப்பார்.

எனக்கு வேலை கிடைத்தது இப்படித்தான். ஆன்லைனில் போட்டதெல்லாம் காற்றோடு போன பிறகு, என் பக்கத்து அறை ஆந்திராக்காரர் ஒருவர், பி.எச்.டி. ஐந்தாவது வருடம், சாவகாசமாக ஒரு யோசனை சொன்னார்: "உன் வகுப்பு அட்டவணையை ஒரு தாளில் பிரிண்ட் எடு, காலியாக இருக்கும் நேரத்தை மஞ்சள் மார்க்கரில் அடி, ரெஸ்யூமை அடியில் வை, மதியம் இரண்டு மணிக்கு மேல் டைனிங் ஹாலுக்குப் போ." ஏன் இரண்டு மணி என்றால் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து இரவுக்கு இன்னும் தொடங்காத நேரம், மேனேஜர் உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் எந்த நல்லவரும் எரிந்து விழுவார். நான் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா, கையில் பாதி கடித்த ஆப்பிள். ரெஸ்யூமைத் தொடவே இல்லை. மஞ்சள் தாளை வாங்கிப் பார்த்தார், விரலை வைத்து ஓட்டினார், செவ்வாய், வியாழன் காலை இரண்டிலும் மஞ்சள் இருந்ததைப் பார்த்ததும் ஆப்பிளைக் கீழே வைத்தார். "சனிக்கிழமை?" என்றார். முழுநாளும் வருவேன் என்றேன். "ஷூ சைஸ் என்ன?" அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. வழுக்காத ஷூ அவர்களே தருவார்கள், அதற்கு அளவு கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

ரெஸ்யூம் வேண்டாம் என்று சொல்லவில்லை. லைப்ரரி, கம்ப்யூட்டர் ஹெல்ப் டெஸ்க், ஆபீஸ் வேலைக்கெல்லாம் கேட்பார்கள். ஒரே பக்கம். போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணம் ஆனவரா, "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்" இதெல்லாம் எடுத்துவிடுங்கள், அங்கே அதைப் பார்த்தால் சங்கடப்படுவார்கள். கல்லூரி சிம்போசியத்தில் கோலப் போட்டி நடத்தினீர்கள் என்றால் அதைப் போடுங்கள், சத்தியமாகச் சொல்கிறேன், நாலு பேரை வைத்து ஒரு காரியம் செய்தவர் என்று தெரிந்தால் போதும். சி.ஜி.பி.ஏ.-வைப் பார்த்து யாரும் தட்டு கழுவக் கூப்பிடுவதில்லை, அரியர் இருந்ததா என்றும் கேட்பதில்லை.

போன் விஷயம் ஒன்று, சின்னதுதான், ஆனால் இதில் வேலை போனவர்களை எனக்குத் தெரியும். அங்கே போய் சிம் வாங்கியதும் வாய்ஸ்மெயில் வசதியை இயக்கி, உங்கள் குரலில் பெயர் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள். நம்மூரில் மிஸ்டு கால் பார்த்துத் திருப்பிக் கூப்பிடுவோம். அங்கே மேனேஜர் கூப்பிடுவார், எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயிலில் சொல்லப் பார்ப்பார், "இந்த எண்ணில் வாய்ஸ்மெயில் அமைக்கப்படவில்லை" என்று வந்தால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். தெரியாத எண் என்று வேண்டுமென்றே எடுக்காமல் விடும் பழக்கத்தையும் ஒரு செமஸ்டருக்கு மூட்டை கட்டி வையுங்கள்.

டிஷ் ரூம் எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் முடிவெடுக்க முடியும். சாப்பிட்டவர்கள் வைக்கும் தட்டுகள் ஒரு ஜன்னல் வழியாக ஓடும் பெல்ட்டில் வரும். முதல் ஆள் மிச்சத்தை வழித்துப் போட வேண்டும், இரண்டாவது ஆள் டம்ளரையும் கரண்டியையும் பிரிக்க வேண்டும், மூன்றாவது ஆள் மெஷினுக்குள் அடுக்க வேண்டும், மறுமுனையில் ஒருவர் எடுத்து அடுக்க வேண்டும். மறுமுனைதான் கொடுமை. கடைசி அலசல் தண்ணீர் 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் மெஷின்கள் அவை, தட்டு வெளியே வரும்போது கையுறைக்குள்ளும் சுடும். முதல் நாள் நான் ஒரு தட்டைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே போட முடியாமல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஒரு சீனப் பெண் ஓரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள், இரண்டு விரலால், அடியைத் தொடாமல். இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் பனி, ஜீன்ஸின் முழங்காலுக்குக் கீழே நனைந்திருக்கும், பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் அது விறைத்து அட்டை மாதிரி ஆகிவிடும். ஒரு மாற்று பேன்ட் பையில் வைத்துக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. வீட்டில் ஒரு செமஸ்டர் முழுக்க லைப்ரரியில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இல்லாத டைனிங் ஹால் இருக்காது, டிஷ் ரூமிலும் அந்தத் தட்டுகள்தான் வரும். கிரில்லுக்குப் பதிலாக சாலட் பார், பேக்கரி, கார்டு தேய்க்கும் வாசல் கவுன்டர் என்று கேட்டால் பல இடங்களில் மாற்றித் தருவார்கள். பல டைனிங் ஹால்களில் ஷிஃப்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு இலவசம் அல்லது பாதி விலை. அதை அற்பமாக நினைக்காதீர்கள், வாரம் ஐந்து ஷிஃப்ட் என்றால் மாத மளிகையில் பாதி மிச்சம்.

உள்ளே நுழைந்துவிட்டால் அடுத்த வேலை எளிது. ஷிஃப்டுக்கு வராமல் போனால் புள்ளி போடுவார்கள், புள்ளிகள் நிறையச் சேர்ந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். பரீட்சை இருந்தால் முன்கூட்டியே வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு செமஸ்டர் ஒழுங்காக இருந்தால் அந்த மேனேஜரின் பெயரைப் பரிந்துரையாளராகப் போட்டு லைப்ரரிக்கோ ஹெல்ப் டெஸ்க்குக்கோ போகலாம், நான் அப்படித்தான் போனேன். லைப்ரரியில் உட்கார்ந்து படிக்கலாம் என்பது பாதிதான் உண்மை. இரவு ஷிஃப்டில் படிக்கலாம், பகலில் பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வருவார்.

டி.ஏ., ஆர்.ஏ. பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். வகுப்புக்கு உதவியாளர், ஆராய்ச்சி உதவியாளர், இரண்டும் கேம்பஸ் வேலைதான், 20 மணிக் கணக்கில்தான் வரும். பல இடங்களில் அதோடு கல்விக் கட்டணத்தில் முழுத் தள்ளுபடியோ பெரிய தள்ளுபடியோ கிடைக்கும், அதனால்தான் அத்தனை அடிதடி. கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் அது பெரும்பாலும் பி.எச்.டி. மாணவர்களுக்குப் போய்விடும். முதல் செமஸ்டரில் ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை, "மதிப்பிற்குரிய ஐயா" என்று பெண் பேராசிரியருக்கும் சேர்த்து அனுப்புவது நம் ஆட்கள் வழக்கம், அவர்கள் அதைத் திறப்பதே இல்லை. ஒரு பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குங்கள், செமஸ்டர் முடியும்போது அந்தப் பேராசிரியரிடமே நேரில் போய் அடுத்த முறை விடைத்தாள் திருத்த ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். மணிக்கணக்குச் சம்பளம்தான், தள்ளுபடி இருக்காது, ஆனால் அங்கிருந்து டி.ஏ.-வுக்குப் போனவர்கள் உண்டு.

இதைவிட நல்ல வழி உங்கள் துறையை விட்டு வெளியே பார்ப்பது. வேளாண்மை, பொது சுகாதாரம், கல்வியியல், நர்சிங், முன்னாள் மாணவர் அலுவலகம், இங்கெல்லாம் தரவு மலை மாதிரி குவிந்திருக்கும், அதைச் சரிசெய்ய ஆள் இருக்காது. கம்ப்யூட்டர் துறையில் பைதான் தெரியும் என்றால் கொட்டாவி விடுவார்கள், மாட்டுத் தீவன ஆராய்ச்சி செய்யும் பேராசிரியரிடம் அதே பைதான் மந்திரவாதி வேலை. எனக்குக் கிடைத்தது அதுதான். பத்து வருடப் பால் கறவைக் கணக்கு, ஒவ்வொரு வருடமும் வேறொரு மாணவர் வேறொரு மாதிரி தேதி போட்டிருந்தார்கள். நாலு மாதம் தேதிகளைச் சரிசெய்தே சம்பளம் வாங்கினேன். லைப்ரரியில் இருந்தபோது அந்தத் துறைப் பெண்மணி ஒருவர் ஸ்கேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், உதவப் போய்ப் பேச்சு வளர்ந்தது.

வேலை கிடைத்த பிறகு காகித வேலை. வேலை தருவதாக அவர்கள் கொடுக்கும் கடிதம், டி.எஸ்.ஓ. தரும் கடிதம், பாஸ்போர்ட், ஐ-20, நாட்டுக்குள் வந்ததற்கான ஐ-94 பதிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் எஸ்.எஸ்.என். என்ற சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. வேலைக் கடிதம் இல்லாமல் எஃப்-1 மாணவருக்கு அந்த எண் தர மாட்டார்கள், அதனால் வேலைக்கு முன்பே வாங்கிவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். நாட்டில் இறங்கிய மறுநாளே போகவும் வேண்டாம், உங்கள் பெயர் கணினிகளில் ஏற நாள் பிடிக்கும், பத்து நாள் பொறுத்துப் போகச் சொல்வார்கள். வேலை செய்ய உரிமை உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு வேலை தொடங்கிய மூன்று வேலை நாளுக்குள் அசல் ஆவணங்களைக் காட்ட வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது.

இங்கே நம்மவர்களுக்கு மட்டும் வரும் ஒரு வினை உண்டு. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தைக் காலியாக விட்டு, பெயரை மட்டும் போட்டிருப்போம், இன்ஷியல் போடும் ஊர்க்காரர்கள் அல்லவா. அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் சர்நேம் ஆகிவிடும், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று விழும், முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். பிறகு பல்கலைக்கழகக் கணினி, வங்கி, சம்பளப் பிரிவு எல்லா இடத்திலும் நீங்கள் எஃப்.என்.யு. தான். எங்கள் டைனிங் ஹால் ஷிஃப்ட் பட்டியலில் அப்படி மூன்று பேர் இருந்தோம், மேனேஜர் அம்மா சமையலறை வாசலில் நின்று "ஃபனூ!" என்று கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புவோம். விசாவுக்கு இன்னும் போகவில்லை என்றால் பாஸ்போர்ட்டில் சர்நேமைப் பிரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், நேரம் இருந்தால். இல்லையென்றால் எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள், ஓரிடத்தில் அப்பா பெயரைச் சேர்த்து இன்னோரிடத்தில் விட்டால் சம்பளம் நிற்கும்.

சம்பளம் வந்ததும் சீட்டைப் பாருங்கள். எஃப்-1 மாணவர்களுக்கு வழக்கமாக முதல் ஐந்து காலண்டர் வருடங்கள் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி கிடையாது. இரண்டும் சேர்த்து 7.65 சதவீதம், அதைப் பிடிக்கக் கூடாது. என் நண்பனுக்குப் பிடித்துவிட்டார்கள். மணிக்கு 9 டாலர், இரண்டு வாரத்தில் 37.5 மணி, மொத்தம் 337 டாலர் 50 சென்ட், அதில் 25 டாலர் 82 சென்ட் காணோம். விட்டுவிடு என்றோம், அவன் விடவில்லை, சம்பளப் பிரிவுக்கு நாலு முறை நடந்து திருப்பி வாங்கினான். மத்திய வருமான வரி பிடிப்பார்கள், அது சரிதான். அதையும் ஏப்ரல் 15-க்குள் 1040-என்ஆர் படிவம் போட்டால் நம் நாட்டு மாணவர்களுக்குத் திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம். இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவில் இந்திய மாணவர்களுக்கு அமெரிக்கர்களைப் போலவே நிலையான கழிவு (அந்த அளவு வருமானத்துக்கு வரி இல்லை) உண்டு, 2024-க்கு அது 14,600 டாலர். கேம்பஸ் வேலையில் மட்டும் சம்பாதிப்பவர் அதைத் தாண்டுவது கடினம். சம்பளமே வாங்காவிட்டாலும் வரித் துறைக்கு 8843 என்ற படிவம் அனுப்ப வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் சீனியர் சொன்ன பெட்ரோல் பங்க். வேண்டாம். மழுப்பாமல் சொல்கிறேன், ஏனென்றால் என் பேட்சில் கேஸ் ஸ்டேஷன், மோட்டல், இந்திய ஹோட்டல் சமையலறை என்று கையில் காசு வாங்கி வேலை செய்தவர்கள் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் மாட்டவில்லை, அதனால்தான் அவர்களுடைய பேச்சு அத்தனை தைரியமாக இருக்கும். அனுமதியில்லாமல் வெளியே வேலை செய்தது தெரிந்தால் மாணவர் அந்தஸ்து போய்விடும். சாதாரண விதிமீறலுக்கு மனுப் போட்டு அந்தஸ்தைத் திரும்பப் பெற ஒரு வழி இருக்கிறது, ஆனால் அனுமதியில்லாமல் வேலை செய்தவருக்கு அந்தக் கதவும் மூடிவிடும். நண்பன் கணக்கில் உணவு டெலிவரி ஓட்டுவதும் இதே கதைதான். இன்னொரு பக்கம், நீங்கள் பயந்துகொண்டு யாரிடமும் புகார் சொல்ல மாட்டீர்கள் என்று தெரிந்துதான் அந்த முதலாளி உங்களைக் கூப்பிடுகிறார். மணிக்கு 6 டாலர், பதினோரு மணி நேரம் நிற்க வேண்டும், கடைசி மாதச் சம்பளத்தை "அடுத்த வாரம்" என்பார், யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? அமெரிக்காவின் மத்திய குறைந்தபட்சக் கூலியே 2009-லிருந்து 7.25 டாலர்.

கடன் வட்டிக் கணக்கு. மணிக்கு 12 டாலர் என்று வைப்போம் (கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் 16-க்கு மேல் கிடைக்கும், ஆனால் அங்கே வாடகையும் அதற்கேற்ற மாதிரி). வாரம் 20 மணி, நாலு வாரத்துக்கு 960 டாலர். நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் உங்கள் பங்கு 450, மளிகை 200, போன், கரண்ட், பஸ், எப்போதாவது ஒரு பீட்சா. மிஞ்சுவது நூறோ இருநூறோ. 40 லட்சத்துக்கு 10.5 சதவீதம் என்றால் மாத வட்டி மட்டும் 35,000 ரூபாய். அது வீட்டிலிருந்துதான் போக வேண்டும், அல்லது கடனோடு சேர விட வேண்டும். கல்விக் கட்டணத்துக்கு இந்தச் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போடவே கூடாது, வீட்டு வாடகையும் சோறும் இதில் ஓடினால் அதுவே நல்ல வருடம். முதல் மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு போங்கள், வேலை அக்டோபரில்கூட வரலாம், முதல் சம்பளம் அதற்கு மேல் இரண்டு மூன்று வாரம் கழித்து.

கடைசியாக ஒன்று. போனதும் உங்கள் துறையில் டிசம்பரில் முடிக்கப் போகும் சீனியர்களைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் ஆட்கள் மட்டும் என்று பார்க்காதீர்கள், நேபாளி, வங்கதேசத்தவர், கானாக்காரர் எல்லோரிடமும் கேளுங்கள், யார் எந்த வேலையை எப்போது விடுகிறார் என்று. டைனிங் ஹால் மேனேஜர் அம்மாவிடம், அங்கே என் கடைசி வாரத்தில், "செவ்வாய் காலைக்கு ஆள் வேண்டுமா?" என்று நான் கேட்டபோது, அவர் ஏற்கெனவே என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இட்லிப் பொடியைப் பிரெட்டில் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கையில் மஞ்சள் அடித்த தாள். நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.